காரிகைக்கு முன் மத்தளம்: கிழக்கின் தமிழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தமிழ் ஆசிரியர்களுக்கும், வலயக் கல்வி அலுவலகங்களில் தமிழ்ப் பாடத்துக்குப் பொறுப்பாக இருக்கும் ஆசிரிய ஆலோசகர்களுக்கும் வணக்கம்.

கல்குடா, பட்டிருப்பு தொடங்கிக் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வரை எல்லா வலயங்களையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். கேட்பது ஒன்றே ஒன்று. யாப்பையும் அணியையும் பிள்ளைகளுக்கு முதலில் காதால் கொடுங்கள். பெயரும் வரைவிலக்கணமும் அதற்குப் பிறகு வரட்டும்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்காரன். கூத்துக் களரியில் ஆடிய பிறகு யாப்புப் படித்தவன். பின்னேரங்களில் ஊர்ப் பிள்ளைகள் தமிழ்க் கொப்பியோடு என்னிடம் வருவார்கள். கொப்பிகளில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. "எதுகை என்பது அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது" என்று அழகாக எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டிருப்பார்கள். சரி, நீயே ஒரு எதுகை சொல் என்று கேட்டால் புத்தகத்தில் உள்ள உதாரணத்தைத் திருப்பிச் சொல்வார்கள். அதுவும் போனால் மௌனம்தான். அதே பிள்ளைகள் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிச் சடங்கில் பாடும் குளுத்திப் பாட்டைக் கேட்டே மனனம் செய்தவர்கள். பாடுகிறவர் ஒரு சொல்லை மாற்றிவிட்டால் உடனே நிமிர்ந்து பார்க்கிறவர்கள். அவர்கள் காதுக்குத் தெரிந்த ஒன்றை, தெரியாத புதுப் பாடம் போல நாம் கற்பிக்கிறோம். என் மனதை வருத்துவது இதுதான்.

முன்னோர் இதை எப்படி வைத்தார்கள் என்று பாருங்கள். நான்கு பாக்களுக்கும் அவர்கள் சொன்ன முதல் அடையாளம் ஓசை. வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியப்பாவுக்கு அகவல், கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல். அசைகள் சேர்ந்த சீரும், சீர்கள் இணையும் தளையும் அந்த ஓசை எப்படிப் பிறக்கிறது என்று விளக்க வந்தவை. நம் வகுப்பறையிலோ செப்பலோசை என்ற பெயர் பட்டியலில் இருக்கிறது, ஓசை இல்லை. ஒரு வெண்பாவையும் ஓர் அகவலையும் அடுத்தடுத்து வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் இந்த நான்கு பெயர்களையும் கரும்பலகையில் எழுதுவதால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?

சீரின் அளவைக் குறிக்கும் வாய்பாடுகளுக்கு வருகிறேன். தேமா, புளிமா, கருவிளம், கூவிளம். மாவும் விளமும் மரங்கள். இலக்கணம் செய்தவர்கள் தங்கள் சுற்றுப்புறத்தில் நின்றவற்றின் பெயர்களையே அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். நாமும் அப்படிச் செய்யலாமே என்று தோன்றியபோது நம் ஊர்ப் பெயர்களைப் பிரித்துப் பார்த்தேன்.

அசையின் விதி உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு குறில் தனித்தோ ஒற்றோடோ, ஒரு நெடில் தனித்தோ ஒற்றோடோ வந்தால் நேர். இரண்டு குறில் இணைந்தோ, குறிலும் நெடிலும் இணைந்தோ வந்தால், ஒற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிரை. நேருக்கு ஒரு தட்டு, நிரைக்கு விரைவாக இரண்டு தட்டு என்று கையால் தட்டச் சொல்லுங்கள். மண்டூர் என்றால் மண், டூர்: நேர் நேர், தேமா. ஒலுவில் என்றால் ஒலு, வில்: நிரை நேர், புளிமா. கிரான்குளம் கருவிளம். வாகரை கூவிளம், பொத்துவிலும் நிந்தவூரும் கல்லடியும் அதே கூவிளம்தான்.

மூவசைக்கும் நாம் வெளியே போக வேண்டியதில்லை. ஏறாவூர் தேமாங்காய், திருக்கோவில் புளிமாங்காய், மருதமுனை கருவிளங்காய், தம்பிலுவில் கூவிளங்காய். கனிச்சீருக்குக் காத்தான்குடி, களுதாவளை, விநாயகபுரம், கல்முனைக்குடி. வரிசை தேமாங்கனி, புளிமாங்கனி, கருவிளங்கனி, கூவிளங்கனி. பன்னிரண்டு வாய்பாடும் நம் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களுக்குள்ளேயே நிறைந்துவிட்டன. மட்டக்களப்பு என்ற பெயரை மட்டும் இந்தப் பன்னிரண்டுக்குள் அடக்க முடியாது. மட், டக், களப், பு என்று அது நாலசைச் சீராகிவிடும். அக்கரைப்பற்றும் அப்படியே. நாலசை என்று ஒன்று இருக்கிறது, பாட்டில் அது அரிதாகவே வரும் என்று சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

பிள்ளைகள் இதில் எவ்வளவு ஆர்வமாக இறங்குகிறார்கள் என்பதைப் பார்த்தால் நீங்களே மகிழ்வீர்கள். தங்கள் ஊர் மாவா விளமா காயா கனியா என்று கேட்பார்கள். அப்புறம் அம்மம்மாவின் ஊர், பஸ் போகிற ஊர் எல்லாம் வரும். ஓரசையாகிய கிரானைக் கொண்டு மலர் என்ற வாய்பாட்டையும் காட்டிவிடலாம்.

சீர் கைக்கு வந்ததும் தளையைத் தொடங்கலாம். வெண்பாவுக்கு மாவுக்குப் பிறகு நிரை வர வேண்டும், விளத்துக்குப் பிறகு நேர், காய்க்குப் பிறகு நேர். கனி உள்ளே வரவே கூடாது. இந்த விதியை ஊர்ப் பெயர்களாலேயே விளையாடலாம். மண்டூருக்குப் பிறகு ஒலுவில் வரலாம், வாகரை வர முடியாது. அப்படி அடுக்கிப் பார்த்தால் இது வருகிறது:

மண்டூர் ஒலுவில் கிரான்குளம் ஏறாவூர்
வாகரை தம்பிலுவில் ஊர்.

முதலடி நாற்சீர், ஈற்றடி முச்சீர், கடைசியில் 'நாள்' என்ற வாய்பாட்டில் ஒற்றை நேர். தளை எங்கும் தட்டவில்லை. கவிதையாக இதில் ஒன்றும் இல்லை, எதுகையும் இல்லை. ஆனால் பிள்ளைக்கு இதன் ஓட்டம் வாயில் பிடிபட்டுவிடும். நான் வேண்டுவது அந்த ஓட்டத்தைத்தான்.

அடுத்ததாக, பொருளும், எதுகை மோனை என்னும் தொடையும் சேர்ந்த ஒன்றைக் கொடுக்கலாம். பாடம் சொல்வதற்காக நான் கட்டியது இது:

வாவிக் கரையில் வலையுலர்த்தும் மாமாவின்
பாவில் மலரும் பகல்.

இதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு 'கரையில்' என்பதை எடுத்துவிட்டு 'ஓரம்' என்று போடுங்கள்: வாவி ஓரம் வலையுலர்த்தும் மாமாவின். பொருள் ஏறத்தாழ அதேதான். ஆனால் வாசிக்கிறவர் அந்த இடத்தில் சற்று இடறுவார். ஏன் இடறியது என்று பிள்ளை கேட்கட்டும். 'வாவி' தேமா, அதன் பின் 'ஓரம்' நேரில் தொடங்குகிறது, மாவுக்குப் பின் நேர் வந்தால் ஆசிரியத்தளை, வெண்பாவின் ஓசை அங்கே முறிகிறது. இடறலை முதலில் உணர்ந்த பிள்ளைக்கு இந்த விளக்கம் நினைவில் நிற்கும். உணராத பிள்ளைக்கு அது பரீட்சை முடிந்த அடுத்த நாளே போய்விடும்.

அதே இரண்டு அடியில் தொடையும் இருக்கிறது. வாவி, பாவில் என்பது எதுகை. இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும், பல கொப்பிகளில் அது விடுபட்டிருக்கிறது. இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது, முதல் எழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். பட்டு, தட்டு சரி. பட்டு, பாட்டு சரிவராது. இதையும் பிள்ளையின் காது தானாகவே கண்டுபிடிக்கும், ஒருமுறை இரண்டையும் சொல்லிக் காட்டினால் போதும். முதல் எழுத்து ஒன்றி வரும் மோனையிலும் இன எழுத்து என்ற ஒன்று உண்டு. அகரத்துக்கு ஆ, ஐ, ஔ, சகரத்துக்குத் தகரம், மகரத்துக்கு வகரம் என்று இனங்கள் வரும். ஆகவே முதலடியில் வாவி, வலை ஆகியவற்றோடு மாமாவும் மோனையில் சேர்ந்துகொள்கிறார். ஒன்றாம், மூன்றாம், நான்காம் சீர்களில் வருவதால் அது மேற்கதுவாய். இந்தப் பெயரைத் தரம் பத்துப் பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டுமா என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன். எனக்கு அது அவசியமாகத் தோன்றவில்லை.

எதுகை மோனைக்கு நம் பகுதியில் உதாரணம் தேடி அலைய வேண்டியதே இல்லை. வட்டை என்னும் வயல்வெளியிலும் வீட்டு முற்றத்திலும் பாடப்படும் கவி இருக்கிறது. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் சேர்ந்து வளர்த்த செல்வம் அது. நான்கு சிறிய அடிகள். முதலாம் அடியின் தலைச் சொல்லுக்கும் மூன்றாம் அடியின் தலைச் சொல்லுக்கும் எதுகை, முதலடிக்கும் இரண்டாம் அடிக்கும் மோனை, மூன்றாம் அடிக்கும் நான்காம் அடிக்கும் மோனை. அந்தக் கட்டிலேயே ஒன்று எழுதிப் பார்க்கலாம்:

வட்டை வெளியில
வரம்போரம் நிக்கிறன் கா
பட்ட கடனெல்லாம்
பறந்திடும் இந்த வெட்டோட.

வட்டை, பட்ட. வட்டை, வரம்பு. பட்ட, பறந்திடும். எழுத்தறியாத பெண்கள் இந்தக் கட்டைத் தவறவிடாமல் நின்ற இடத்திலேயே கவி கட்டியிருக்கிறார்கள். யாப்பு என்பது படித்தவர்களுக்கு மட்டும் சொந்தம் என்ற எண்ணம் பிள்ளையின் மனதில் விழுவதற்கு முன்னால் இதை அவர்கள் கேட்க வேண்டும். வீட்டில் மூத்தம்மாவிடம் போய் ஒரு கவி கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். எதுகையின் கீழ் கோடு போடுவது அதற்குப் பிறகு நடக்கட்டும்.

காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரை எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். படத்துக்கு மாலை போடுகிறோம், விழா எடுக்கிறோம். அவருடைய மல்லிகைப் பாட்டும் பலருக்குப் பாடம். ஆனால் அதன் அடிகள் வெள்ளை, வள்ளல், உள்ளம் என்று 'ள்' எழுத்தில் ஒன்றி நடப்பதை எத்தனை வகுப்பில் காட்டுகிறோம்? அந்த ளகர எதுகையை எடுத்துவிட்டால் பாட்டின் குழைவு போய்விடும். 1947 இல் வெளிவந்த யாழ் நூலைச் செய்த மனிதர் ஓசையை எவ்வளவு நுட்பமாகக் கேட்டார் என்பதைச் சொல்ல இந்த ஒரு பாட்டே போதும்.

மண்டூரில் பிறந்த புலவர்மணி ஏ. பெரியதம்பிப்பிள்ளை பகவத்கீதையை வெண்பாவில் தந்தவர். 1899 இல் பிறந்து 1978 வரை வாழ்ந்தவர், நேற்றைய மனிதர் என்றே சொல்ல வேண்டும். பெரியநீலாவணையின் நீலாவணன் மரபுச் செய்யுளுக்குள் பேச்சோசையைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். பாட்டுக் கட்டுவது எங்கோ, என்றோ நடந்த காரியம் என்று நம் பிள்ளைகள் நினைத்தால் அந்தப் பிழை பிள்ளைகளுடையதல்ல.

அணி பற்றி. இங்கே நாம் கேட்கும் கேள்வியே பெரும்பாலும் கோணலாக இருக்கிறது. "இப்பாடலில் வந்துள்ள அணி யாது?" பிள்ளை 'போல' என்ற சொல்லைத் தேடுகிறது, கண்டால் உவமை என்று எழுதுகிறது, புள்ளி கிடைக்கிறது. அந்த உவமை பாட்டுக்கு என்ன செய்தது, அது இல்லாவிட்டால் எது குறைந்திருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. 'போல' இல்லாத எடுத்துக்காட்டு உவமை வந்தால் அதே பிள்ளை தடுமாறுவதற்குக் காரணம் இதுதான்.

தற்குறிப்பேற்றத்தைப் பாருங்கள். இயல்பாக நடக்கும் ஒன்றின் மேல் புலவன் தன் குறிப்பை ஏற்றுவது என்று எழுதி வைக்கிறோம். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில் மேல் கொடிகள் காற்றில் அசைகின்றன. அவை 'வராதீர்கள்' என்று கை காட்டுவது போல அசைந்தன என்கிறார் இளங்கோ. உள்ளே போனால் என்ன நடக்கும் என்பது கேட்பவர்களுக்குத் தெரியும், கொடிக்கும் தெரிந்திருக்கிறது, போகிற இருவருக்கு மட்டும் தெரியாது. வேறு எந்த மாவட்டத்துப் பிள்ளைக்கு இதை விளக்க நேரம் எடுத்தாலும், தம்பிலுவிலிலும் காரைதீவிலும் வந்தாறுமூலையிலும் எடுக்காது. கண்ணகி வழக்குரை பாடக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். கோவலனுக்கு என்ன நடக்கப்போகிறது என்று அவர்களுக்கு நெஞ்சில் இருக்கிறது. அந்தக் கொடியின் அசைவை அவர்களிடம் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருந்து பாருங்கள். அணியின் பெயரை அதற்குப் பிறகு சொல்லலாம். அது முடிந்ததும், வெட்டுக்கு விளைந்து காற்றில் சாயும் வேளாண்மையைப் பார்த்து அவர்களே ஒரு தற்குறிப்பேற்றம் எழுதட்டும். கதிர் எதற்காகத் தலை சாய்க்கிறது என்று ஒவ்வொரு பிள்ளையும் வேறு காரணம் சொல்லும். விதை நெல்லுக்குக் கடன்பட்ட வீட்டுப் பிள்ளை சொல்லும் காரணம் உங்களை யோசிக்க வைக்கும்.

உருவகத்துக்கு நான் சொல்லும் வழி சுருக்கமானது. மலர்முகம் என்றால் மலர் போன்ற முகம், உவமை. முகமலர் என்று திருப்பினால் முகமே மலராகிவிட்டது, உருவகம். இதைப் போலத் திருப்பிப் பார்க்கப் பத்துச் சொற்களைக் கொடுத்தால் ஒரு பாட நேரம் போதும்.

இனிக் கூத்து. "காரிகை கற்றுக் கவி பாடுவதிலும் பேரிகை கொட்டிப் பிழைப்பது மேல்" என்று ஒரு பழமொழி உண்டு. யாப்பருங்கலக்காரிகை என்ற யாப்பு நூலைக் கட்டிக்கொண்டு மாரடிப்பதைவிட மேளம் அடித்தால் வயிறு நிறையும் என்ற வேதனையில் யாரோ சொன்னது. நம் பக்கத்தில் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. வடமோடியோ தென்மோடியோ, எந்தக் கூத்துக் கொப்பியை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள். விருத்தம், கலித்துறை, கொச்சகம், வெண்பா, அகவல், தாழிசை, தரு என்று ஒவ்வொரு பாட்டின் தலையிலும் எழுதியிருக்கும். பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு விட்டுவிட்ட, கூத்துப் பழக்கும் ஏட்டண்ணாவியார் 'இது விருத்தம், நிண்டு பாடு' என்று சொல்வார். விருத்தம் தாளக்கட்டு இல்லாமல் நிறுத்தி, நீட்டிப் பாடப்படும். தரு வந்ததும் மத்தளமும் சல்லரியும் சேர்ந்துகொள்ளும், கால் ஆடும். ஒரே கதையில் எந்த இடத்தில் விருத்தம், எந்த இடத்தில் தரு என்ற தெரிவே ஒரு பெரிய பாடம். அழுகையும் வாதமும் வரவும் போரும் தமக்குரிய வடிவத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. 'பாவினமும் பொருளும்' என்ற தலைப்பில் எவ்வளவு எழுதினாலும் வராத தெளிவு, ஓர் இரவுக் களரியில் வந்துவிடும்.

அந்த அண்ணாவியாரை ஏன் வகுப்பறைக்கு அழைக்கக் கூடாது? அவர் மத்தளத்தோடு வந்து ஒரு விருத்தமும் ஒரு தருவும் பாடிக் காட்டட்டும். அதே பாட்டை நீங்கள் கரும்பலகையில் அசை பிரித்துக் காட்டுங்கள். அவருக்கும் அது மரியாதை. கல்லடியில் விபுலாநந்தர் பெயரில் அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. கூத்தையும் கவியையும் படித்து வெளியே வரும் இளைஞர்களையும் இந்த வேலைக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.

புதுக்கவிதை பற்றியும் ஒரு வார்த்தை. யாப்பு இல்லாதது புதுக்கவிதை என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அப்படியானால் அடியை எங்கே முறிப்பது என்று பிள்ளை கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. அங்கேயும் காதுதான் முடிவு செய்கிறது. கல்முனையின் சோலைக்கிளியை வாசித்தால் படிமம் என்றால் என்ன என்பது தனியாக விளக்காமலே புரியும். மூன்று வரியில் எழுதியதெல்லாம் ஹைக்கூ என்று பிள்ளைகள் நினைப்பதையும் அன்போடு திருத்த வேண்டும். யப்பானிய ஹைக்கூவில் ஐந்து, ஏழு, ஐந்து என்று ஒலிக் கணக்கு உண்டு. தமிழில் நாம் அந்தக் கணக்கைப் பெரும்பாலும் பின்பற்றுவதில்லை, ஒரு காட்சியை ஒரு வெட்டோடு நிறுத்தும் முறையைத்தான் எடுத்துக்கொண்டோம்.

உங்கள் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. பாடத்திட்டம் நீளம், தவணை குறுகியது, ஒரு வகுப்பில் பிள்ளைகள் நிறையப் பேர். சாதாரண தரப் பரீட்சையில் பெறுபேறு குறைந்தால் முதலில் கேள்வி கேட்கப்படுவது நீங்கள்தான். காதால் கற்பிக்கும் முறை மேலதிக நேரம் கேட்கும் என்று நினைக்க வேண்டாம். தொடக்கத்தில் சில பாட நேரங்களை அது எடுக்கும், பிறகு அந்த நேரத்தை மீட்டுத் தரும். அசை தட்டத் தெரிந்த பிள்ளைக்கு அலகிட்டு வாய்பாடு கூறுக என்ற வினா பயம் தராது.

ஆசிரிய ஆலோசகர்களிடம் தனியாகச் சில விடயங்கள் கேட்கிறேன். வலய மட்டச் செயலமர்வில் ஒரு நாளையாவது யாப்பைப் பாடிக் கற்பிப்பதற்கு ஒதுக்குங்கள், அதில் ஆசிரியர்களும் வாய்திறந்து பாடட்டும். பாடிப் பழகாத ஆசிரியருக்கு வரும் கூச்சம் அங்கேயே போய்விடும். தவணைப் பரீட்சை வினாத்தாள் தயாரிக்கும்போது 'அணி யாது' என்பதற்குப் பக்கத்தில் 'அது பாட்டுக்கு என்ன தருகிறது' என்று ஒரு பகுதி சேருங்கள். ஓர் எதுகையில் நான்கு அடி எழுதுக என்று கேட்டு, தளை பிழைத்தாலும் முயற்சிக்குப் புள்ளி கொடுங்கள். தமிழ்மொழித் தினப் போட்டிகளில் பாவோதலுக்கு வரும் பிள்ளை, தான் ஓதும் பா எந்தப் பா, ஏன் அந்த ஓசையில் ஓதுகிறது என்று நடுவர்களுக்கு இரண்டு வசனம் சொல்லக் கூடியதாக இருக்க வேண்டும். இப்போது பல பிள்ளைகள் மெட்டை மட்டும் பழகிக்கொண்டு மேடை ஏறுகிறார்கள்.

ஊர்ப் பெயர்ப் பட்டியலை உங்கள் உங்கள் வலயத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். கூவிளமும் தேமாங்காயும் நம் பக்கத்தில் நிறையக் கிடைக்கின்றன. கருவிளத்துக்குத்தான் தட்டுப்பாடு, கிரான்குளத்தைத் தவிர எனக்கு வேறொன்று எளிதில் அகப்படவில்லை. உங்கள் வகுப்புப் பிள்ளைகளிடம் கேளுங்கள். வட்டை, குளம், கண்டம், மடு என்று அவர்கள் அறிந்த சிறிய இடங்களின் பெயர்களில் கட்டாயம் இருக்கும்.

அன்புடன்,
படுவான்கரையில் இருந்து
ஒரு கூத்துக்காரன்